எக்ஸ்யூம்: மண்ணிலிருந்து வெளியே

புதைத்த உடலைத் தோண்டி எடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘எக்ஸ்யூம்’ என்று பெயர். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ஹ்யூமஸ்’ என்றால் மண். மக்கிய இலைதழையை உழவர்கள் ‘ஹ்யூமஸ்’ என்கிறார்களே, அதே சொல்தான். பணிவைக் குறிக்கும் ‘ஹம்பிள்’ என்பதும் இந்த வேரில் முளைத்ததே. மண்ணளவு தாழ்ந்து நிற்பவன் என்பது அதன் உட்பொருள். எனக்கு மிகவும் பிடித்த உறவு இது.

கிழங்கு தோண்டுவதற்கும் கிணறு வெட்டுவதற்கும் இச்சொல் பொருந்தாது. கீழடியில் நடப்பது அகழாய்வு. அதற்கு ‘எக்ஸ்கவேஷன்’ என்ற சொல் இருக்கிறது. அதன் வேர் ‘கேவஸ்’, அதாவது குழிந்தது. ஒன்று மண்ணை நினைக்கிறது, மற்றது குழியை நினைக்கிறது.

இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் 1658-இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைக்கப்பட்டார். மன்னராட்சி திரும்பியதும் அவர் உடலைத் தோண்டி எடுத்து, 1661 ஜனவரி 30 அன்று டைபர்னில் தூக்கில் தொங்கவிட்டுத் தலையை வெட்டினார்கள். கிராம்வெல் தரப்பு முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியதன் ஆண்டு நினைவு நாள் அது. எக்ஸ்யூம் என்ற சொல்லுக்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது.

மறந்துபோன நூலையோ பழைய வழக்கையோ மீண்டும் வெளிக்கொண்டு வருவதையும் இச்சொல்லால் குறிப்பதுண்டு. நம் நாளிதழ்கள் ‘தாசில்தார் முன்னிலையில் உடல் தோண்டி எடுக்கப்பட்டது’ என்று எழுதுகின்றன. அதுவே தெளிவான தமிழ். மொழிபெயர்ப்பவர்கள் அதையே கையாளலாம்.