வட்டவிதானை: வயல்வெளியின் வேலைப் பண்பாடு

தொழில் புரிவோரின் நடத்தையைக் கூலி ஒன்றே நிர்ணயிப்பதில்லை. அமெரிக்காவிலே, சிக்காகோ நகரை அடுத்த ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நிகழ்ந்த ஆய்வுகள் இக்கருத்தைப் பரப்பின. அவற்றின் முடிபுகள் சிலவற்றைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனராயினும், வேலைக்குழுவின் உறவுகளும் எழுதாத விதிகளும் உழைப்பைப் பாதிக்கின்றன என்னும் உண்மை நிலைபெற்றது. இவ்வுண்மையைக் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வேளாண்மை வரலாற்றிலும் காணலாம்.

இப்பகுதியில் வயற்பரப்பின் பிரிவு 'வட்டை' எனப்படும். பெருநிலமுடையோர் போடியார், அவர்தம் வயல்வேலையை முன்னின்று நடத்தியவர் முல்லைக்காரர். வட்டை முழுவதற்கும் நீரைப் பங்கிடுதல், வாய்க்கால் வெட்டுவித்தல், வேலியடைப்பித்தல் ஆகிய பொறுப்புகளை ஏற்றவர் வட்டவிதானை. கமக்காரர் கூடி அவரைத் தெரிந்தனர். அறுவடையின் பின் ஏக்கர்க் கணக்கில் நெல்லளந்து கொடுத்தனர். கடைமடைக்கு நீர் எட்டாவிடின் அங்கு விளைவு குன்றும். விதானையின் நெல்லும் குன்றும். அவரது நலனும் வட்டையின் நலனும் இவ்வாறு பிணைந்திருந்தன. தம் கண்முன்னே நடமாடும் ஒருவரைக் கமக்காரர் நாள்தோறும் மதிப்பிடவும் முடிந்தது. ஆள்பதி சேர் ஹென்றி வார்ட் காலத்து 1856 ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம், இத்தகைய பழைய வழமைகளுக்குச் சட்ட வலுவளிக்க முற்பட்டது.

எனினும், இவ்வமைப்பைக் குறையற்றதெனக் கொள்ளல் தகாது. போடியாரின் சொல்லுக்கிருந்த வலிமை, நிலமற்ற வயற்கூலியாளின் சொல்லுக்கு இருக்கவில்லை. குத்தகைக் கமக்காரரின் பாதுகாப்பை நோக்கிய 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம், பழைய விதானைமுறைக்குப் பதிலாகத் தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆயின், பின்வந்த சட்டங்களால் தெரிவு நியமனமாயிற்று. 1979 ஆம் ஆண்டுக் கமநலச் சேவைகள் சட்டம் குழுக்களுக்குப் பதிலாக அலுவலரை நியமித்தது. பொறுப்புக் கூறவேண்டிய திசை வயலிலிருந்து அலுவலகத்துக்கு மாறியது.

இம்மாற்றத்தின் விளைவை உணர்வதற்குக் கல்லோயாத் திட்டம் துணைசெய்கின்றது. 1949 இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் இங்கினியாகலையில் பெருநீர்த்தேக்கம் எழுந்தது. நீரின் தலைவாயில் பொறியியலாளர் கைக்குச் சென்றது. காலப்போக்கில் இடதுகரை வாய்க்கால்கள் சிதைந்தன. கடைமடைக் கமக்காரர் நீரின்றி வாடினர். 1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் அமைப்பாளர்களை அங்கே வாழ அனுப்பின. அவர்கள் கட்டளையிடவில்லை, ஒரு வயல்வாய்க்காலைப் பகிர்வோரைச் சிறு குழுக்களாய்க் கூட்டிப் பேசவைத்தனர். கமக்காரர் கூலியின்றி வாய்க்கால் துப்புரவாக்கினர்; முறைவைத்து நீர்பாய்ச்சி, மிஞ்சியதைக் கீழ்மடைக்கு விட்டனர். கோர்னெல் அறிஞர் நோர்மன் அப்ஹோஃப் 1992 இல் இதனை நூலாக்கினார். பொதுவளங்களை மக்களே பேணமுடியும் என நிறுவி 2009 இல் நோபெல் பரிசு பெற்ற எலினர் ஒஸ்ட்ரமும் இவ்வனுபவத்தை எடுத்தாண்டார்.

அறிஞருலகு புதுமையெனக் கண்ட இந்நெறி, கடலோர வட்டைகளில் முன்னரே பயின்றதாகும். தன்னைத் தெரிந்தோருக்கே பதில் கூறுபவன் நீரின் கடைசி மடையையும் காண்பான். கட்டளை மேலிருந்து மட்டும் வருமிடத்து, கடைமடை எவர் கண்ணிலும் படுவதில்லை. கமக்கார அமைப்புகளின் இக்காலத்தும் வட்டவிதானை என்னும் பெயர் இப்பகுதியில் வழங்குகின்றது. அப்பெயரோடு அப்பொறுப்பும் நிலைத்தல் வேண்டும். முன்னர் சொல்லுரிமை பெறாத வயற்கூலியாளுக்கும் அதில் இடம் கிடைத்தல் வேண்டும்.