அபாண்டம்

அபாண்டம் (பெயர்ச்சொல்): ஆதாரமே இல்லாமல் ஒருவர்மேல் சுமத்தப்படும் பெரும்பழி. ‘அபாண்டமாகப் பழி போடாதே’ என்பது பேச்சுவழக்கு. சிறு குற்றத்தைப் பெரிதாக்கிச் சொல்வது அபாண்டமாகாது. செய்யாததைச் செய்ததாகச் சொல்வதே அபாண்டம். மலேசியத் தமிழரிடம் ‘ஏச்சு’ வெறும் திட்டுதான். அபாண்டம் அதனினும் கொடியது. மலாயில் இதற்கு நெருங்கிய சொல் ‘ஃபித்னா’.

மலாக்காவின் பெருந்துயரமான அபாண்டம் பெண்டஹாரா (தலைமை அமைச்சர்) துன் முத்தாஹிர்மீது விழுந்தது. அவர் அரியணையைக் கைப்பற்றச் சதிசெய்கிறார் என்று, கித்துல் என்பவர் மூட்டிய பொய்யால் அஞ்சிய வணிகர் ராஜா முதலியார் லக்சமணாவிடம் (கடற்படைத் தலைவர்) சொன்னதாக ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூல் கூறுகிறது. அதை லக்சமணாவிடமிருந்து கேட்ட சுல்தான் மஹ்மூத் ஷா, விசாரிக்காமலே துன் முத்தாஹிரைக் கொல்லச் செய்தார். உண்மை தெரிந்தபின் கோள் சொன்னவர்களும் தண்டிக்கப்பட்டனர். அந்தக் கொலைக்குப் பின், 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது.