பல்பாதை இணைப்பு: கிளை அலுவலகமும் மேகப் பாதுகாப்புச் சேவையும்

ஒரு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தையும், அதன் இணையப் போக்குவரத்தைச் சோதித்து வெளியே அனுப்பும் மேகப் பாதுகாப்புச் சேவையையும், ஒரே நேரத்தில் இயங்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வழிகளால் பிணைக்கும் வலையமைப்பு முறை பல்பாதை இணைப்பு எனப்படும். ஃபயர்வால், இணையதள வடிகட்டல், தீநிரல் சோதனை முதலிய காவல் பணிகளை அலுவலகத்தில் வைத்த கருவியில் செய்யாமல், சேவை நிறுவனத்தின் தரவு மையத்தில் செய்து தரும் ஏற்பாடே மேகப் பாதுகாப்புச் சேவை. கிளையிலுள்ள ரவுட்டரிலிருந்து அந்த மையம் வரை தரவு பொது இணையத்தின் ஊடாகச் செல்ல வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பாக்கெட்டும் மறையாக்கம் செய்யப்பட்டு, மற்றொரு பாக்கெட்டின் உள்ளே பொதிந்து அனுப்பப்படுகிறது. இவ்வாறு பொதிந்து செல்லும் வழி டனல் என்று வழங்குகிறது. அதற்குப் பெரும்பாலும் கையாளப்படுவது ஐபிசெக் எனும் நெறிமுறைத் தொகுதி; அதன் இன்றைய கட்டமைப்பை, இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் அமைப்பு 2005ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 4301 என்னும் ஆவணத்தில் வரையறுத்தது.

கிளைகள் தலைமையகத்தோடு எம்பிஎல்எஸ் தனிவழிகளால் இணைக்கப்பட்டு, இணையத்துக்குச் செல்லும் போக்குவரத்து முழுவதும் தலைமையகத்து ஃபயர்வாலைக் கடந்து சென்ற காலத்தில் இத்தகைய ஏற்பாட்டுக்குத் தேவை இருக்கவில்லை. மின்னஞ்சல், ஆவணங்கள், காணொளிக் கூட்டங்கள் ஆகியவை மேகத்துக்கு இடம் மாறியதும் அந்தச் சுற்றுவழி வீண் தாமதமாயிற்று. வலையமைப்பையும் பாதுகாப்பையும் மேகத்தில் ஒருசேர வழங்கும் முறைக்கு கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 2019 ஆகஸ்டில் சாசி என்று பெயரிட்டது. இம்மாற்றத்தின் விளைவாக டனல் கிளையின் ஒரே வாசலாகிவிட்டது. இணைய இணைப்பு நல்ல நிலையில் இருந்தாலும், டனல் அறுந்தால் அலுவலகத்தின் வேலை நின்றுவிடும். பல டனல்கள் தேவைப்படுவதற்குக் கொள்ளளவும் ஒரு காரணம். மென்பொருள்வழி இயங்கும் கருவிகளில் ஒரு டனலின் மறையாக்கப் பணி பெரும்பாலும் ஒரே செயலிக் கருவின்மேல் விழுவதால், டனல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. அமேசான் வெப் சர்வீசஸின் வழக்கமான விபிஎன் டனலுக்கு அது விநாடிக்கு 1.25 கிகாபிட்; அதைவிட அகன்ற இணைப்பை வாங்கிய அலுவலகம் அதன் முழுப் பயனைப் பெற டனல்களைப் பெருக்க வேண்டியிருக்கிறது.

பல டனல்களை ஒருசேரப் பயன்படுத்தும் அடிப்படை உத்தி சமச்செலவுப் பல்பாதை, சுருக்கமாக ஈசிஎம்பி. ஒரே இலக்குக்குச் சம மதிப்புள்ள பல தடங்கள் இருக்கும்போது, ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரு முனைகளின் போர்ட் எண்கள், நெறிமுறை எண் ஆகிய ஐந்தையும் எடுத்து, அவற்றை ஹாஷ் எனும் கணிப்புச் சார்பில் இட்டு, கிடைக்கும் எண்ணைக் கொண்டு தடத்தைத் தேர்கிறது. ஓர் உரையாடலின் பாக்கெட்டுகள் அனைத்திலும் இந்த ஐந்தும் மாறாதிருப்பதால், அவை எல்லாம் ஒரே டனலில் செல்கின்றன. இப்படி ஒன்றாகச் செல்லும் பாக்கெட் வரிசை ஓட்டம் எனப்படுகிறது.

பாக்கெட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாக டனல்களுக்குப் பகிர்ந்தால் சுமை இன்னும் சீராகப் பரவுமே என்று தோன்றலாம். ஆனால் இரு வழிகளின் தாமதம் ஒருபோதும் ஒத்திருப்பதில்லை. முந்தி அனுப்பியது பிந்தி வந்தால், பெறும் முனை பழைய ஒப்புகையையே திரும்பத் திரும்ப அனுப்பும். அப்படி மூன்று மறு ஒப்புகைகள் வந்ததும், அனுப்பும் முனையின் டிசிபி நெறிமுறை பாக்கெட் தொலைந்துவிட்டதாகக் கொண்டு, அதை மீண்டும் அனுப்புவதோடு வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஒரே ஐபிசெக் டனலின் மறையாக்கப் பாக்கெட்டுகளை வெவ்வேறு இணைப்புகளில் சிதறவிட்டால் கேடு இன்னும் பெரிது. பழைய பாக்கெட்டை ஒட்டுக்கேட்டு மறுபடி அனுப்பும் தாக்குதலைத் தடுக்க, ஐபிசெக் வரிசை எண்களை ஒரு சாளரத்துக்குள் வைத்துச் சரிபார்க்கிறது. அச்சாளரத்தின் இயல்பான அளவு 64 பாக்கெட்டுகள். அதற்கும் பின்தங்கி வருபவை நல்ல பாக்கெட்டுகளாயினும் எறியப்படும். ஆகவே டனலுக்கு ஒரு இணைப்பு, ஓட்டத்துக்கு ஒரு டனல் என்னும் கட்டுப்பாடே இம்முறையின் உயிர்நாடி.

இக்கட்டுப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. நான்கு டனல்கள் இருந்தாலும் ஒரு தனிப் பதிவிறக்கம் ஒரு டனலின் வேகத்தைத் தாண்டாது. மேலும் ஹாஷ் ஓட்டங்களை எண்ணிக்கையில்தான் பரப்புகிறது, எடையில் அல்ல: நான்கு பெரும் ஓட்டங்கள் நான்கு டனல்களில் தனித்தனியே அமைவதற்கான வாய்ப்பு 256இல் 24, அதாவது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே. பல நூறு சிறு ஓட்டங்கள் உள்ள அலுவலகத்தில் சுமை சீராகும். இரவுநேரக் காப்புப்படி எடுக்கும் ஒன்றிரண்டு பேரோட்டங்கள் உள்ள இடத்தில் ஒரு டனல் நிரம்பி வழிய, மற்றவை வெறுமையாகக் கிடக்கும்.

திரும்பி வரும் போக்குவரத்தைக் கவனிப்பது செல்லும் போக்குவரத்தைவிட முக்கியமானது. மேகத்திலுள்ள ஃபயர்வால் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்தையும் நிலையையும் நினைவில் வைத்துச் செயல்படுவது. கிளை முதல் டனலில் அனுப்பிய கோரிக்கைக்கு விடை இரண்டாம் டனலில் திரும்பினால், கிளையிலும் ஃபயர்வால் இருந்தால் அது தன் பதிவோடு ஒவ்வாத அந்த விடையைத் தள்ளிவிடக்கூடும். இதனால், கோரிக்கை வந்த டனலிலேயே விடையை அனுப்பும் சமச்சீர்த் திரும்பல் என்னும் அமைப்பு தேவைப்படுகிறது. பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸின் பிரிஸ்மா ஆக்சஸ் சேவையில் ஒரு கிளைக்கு நான்கு டனல்கள் வரை, சுமையைப் பகிர்ந்துகொள்ளும் சமச்சுமை முறையில் வைக்கலாம். அங்கே சமச்சீர்த் திரும்பலும் உண்டு. டனல்கள் வெவ்வேறு மையங்களில் முடியுமானால் இன்னொரு சிக்கல் எழும்: ஒரே பயனர் இருவேறு பொது முகவரிகளிலிருந்து வெளிப்படுவார், முகவரி மாறியதைக் கண்டதும் அவரை வெளியேற்றும் வங்கித் தளங்கள் உண்டு.

தடங்களைக் கையால் எழுதி வைப்பதைவிட, இரு முனைகளும் தமக்குள் அறிவித்துக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையைப் பயன்படுத்துவதே சிறந்த வழி. முற்கூறிய பிரிஸ்மா ஆக்சஸ் சமச்சுமைக்கு அதையே கட்டாயமாக்குகிறது. இதற்காகக் கிளைக்கு, வலையமைப்பை அடையாளம் காட்டும் தன்னாட்சி எண்களில் தனிப்பயனுக்கான 64512 முதல் 65534 வரையிலான ஒன்று பொதுவாகத் தரப்படுகிறது. பிஜிபி இயல்பாக ஒரே ஒரு சிறந்த தடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும் என்பதால், எத்தனை தடங்களை ஒருசேர ஏற்கலாம் என்பதை ரவுட்டரில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அமைப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. மேகம் அனைத்து இலக்குகளுக்குமான இயல்புத் தடத்தை டனல் வழியே அறிவித்ததும், மேக நுழைவாயிலின் சொந்தப் பொது முகவரிக்கான பாதையும் அந்த டனலுக்குள்ளேயே இழுக்கப்பட்டு, டனல் தன்னைத் தானே சுமக்க முயன்று விழும், விழுந்ததும் தடம் மறைய, மீண்டும் எழும், மீண்டும் விழும். ஒவ்வொரு நுழைவாயில் முகவரிக்கும் தனித் தடம் எழுதி, அதை அதற்குரிய இணைய இணைப்போடு பூட்டினால் இது தீரும். அந்தப் பூட்டு இல்லாவிடில் இரண்டு டனல்களும் சத்தமின்றி ஒரே நிறுவனத்தின் கேபிளில் செல்வதும் நேரும்.

பழுதை எவ்வளவு விரைவில் அறிவது என்பது அடுத்த கேள்வி. பிஜிபியின் தரநிலை ஆவணம் பரிந்துரைக்கும் காத்திருப்பு நேரம் 90 விநாடிகள். அதற்குள் தொலைபேசி உரையாடல் அறுந்துவிடும். 2010இல் வரையறுக்கப்பட்ட பிஎஃப்டி நெறிமுறை சிறு சோதனைப் பாக்கெட்டுகளை இடைவிடாது அனுப்புகிறது. 300 மில்லிவிநாடிக்கு ஒன்று என அமைத்து, மூன்று தவறினால் பழுது எனக் கொண்டால், ஒரு விநாடிக்குள் வழி மாற்றப்படும். மேகச் சேவைகள் எல்லாம் இதை ஏற்பதில்லை. ஏற்காத இடத்தில், மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று ஐபிசெக்கே கேட்டறியும் வசதியையும், டனலின் வழியே ஒரு வெளித்தளத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையையும் சேர்த்து வைப்பதுண்டு. பின்னது இன்றியமையாதது, டனல் எழுந்து நின்றும், அதற்கு அப்பாலுள்ள சோதனைச் சேவை செயலிழந்திருக்கும் நிலையை அது ஒன்றே காட்டும்.

பொதிவதால் பாக்கெட் பருக்கிறது. 1500 பைட் கொள்ளும் இணைப்பில், புற முகவரித் தலைப்பு, போர்ட் தலைப்பு, மறையாக்கத் தலைப்பு, சரிபார்ப்பு முத்திரை ஆகியவை சேர்ந்து 60 பைட்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. வீட்டு இணைப்புகளில் வழங்கும் பிபிபிஓஈ முறை மேலும் 8 பைட்டுகளை எடுக்கும். இதனால் டிசிபி அனுப்பும் ஒரு துண்டின் அளவை 1360 அல்லது 1350 பைட் எனக் குறைத்து வைப்பது வழக்கம். எல்லா டனல்களுக்கும் மிகக் குறுகியதன் அளவையே கொடுக்க வேண்டும். இல்லையேல் சில ஓட்டங்களில் மட்டும் பக்கங்கள் பாதியில் நிற்கும்.

பாதைகள் எண்ணிக்கையில் இரண்டாக இருப்பதால் மட்டும் அவை தனித்தனிப் பாதைகளாகிவிடுவதில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்னும் இரு கடலடிக் கேபிள்களும் அறுந்தபோது, இந்தியாவிலும் மத்தியக் கிழக்கிலும் இணையம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இரண்டையும் நம்பியிருந்தவருக்கு இரண்டும் ஒருசேரப் போயின. தெருவளவிலும் இதே நிலைதான்: இரு நிறுவனங்களின் ஒளியிழைகள் ஒரே குழாயில் புதைந்திருந்தால் ஒரு மண்வாரி போதும். ஒளியிழையோடு கைபேசி வலையமைப்பைத் துணைக்கு வைப்பது உறுதி தரும்; ஆனால் அவற்றின் கொள்ளளவு ஒவ்வாததால் அங்கே சமச்சுமை பொருந்தாது, முதன்மை-மாற்று என வரிசைப்படுத்துவதே தகும்.

ஒரு டனல் விழும்போது அதில் சென்ற ஓட்டங்கள் மட்டுமே இடம் மாறும் என்று கருதுவது பிழை. ஹாஷ் எண்ணைத் தடங்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைக் கொள்ளும் எளிய முறையில், நான்கு மூன்றாகக் குறைந்தால் முக்கால் பங்கு ஓட்டங்கள் வேறு டனலுக்குத் தாவும்; டனல்கள் வெவ்வேறு ஃபயர்வால்களில் முடிந்தால், நலமாயிருந்த அமர்வுகளும் அறும். 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2992 இதைக் கணக்கிட்டு, ஹாஷ் எல்லையைத் தடங்களுக்குத் தொடர் பகுதிகளாகப் பிரிக்கும் முறையில் இக்குலைவு கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் இடையில் அடங்கும் எனக் காட்டியது. பழுதான இணைப்பு மீளும்போதும் இதே தாவல் மறுபடி நிகழ்வதால், விட்டு விட்டு வரும் ஓர் இணைப்பு அறவே இல்லாத இணைப்பைவிட அதிகத் தொல்லை தருகிறது. அதனால் மீண்டெழுந்த டனலை உடனே சேர்க்காமல், அது சில நிமிடங்கள் தடையின்றி நிலைத்த பின்னரே தடப்பட்டியலில் ஏற்குமாறு ரவுட்டரில் காத்திருப்பு நேரம் குறிக்கப்படுகிறது.