ஹாமெல்ன் கிளிக்கல்

ஹாமெல்ன் கிளிக்கல் (1646 அல்லது 1647 – செப்டம்பர் 19, 1724) ஜெர்மனியில் பிறந்து பிரான்சில் மறைந்த யூதப் பெண் வணிகர் ஆவார். இத்திஷ் மொழியில் தம் பிள்ளைகளுக்காக இவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள், 17ஆம் நூற்றாண்டு நடு ஐரோப்பிய யூதர்களின் குடும்பம், வணிகம், வழிபாடு ஆகியவற்றை அறிய உதவும் முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகும். யூதப் பெண் ஒருவர் எழுதி இன்று கிடைக்கும் தன்வரலாறுகளில் இவ்வளவு பழையதும் விரிவானதும் வேறில்லை எனலாம்.

பெயர்

ஹாமெல்ன் என்பது எலிகளைக் குழலூதி அழைத்துச் சென்றவனின் கதையால் பெயர் பெற்ற ஊர். கிளிக்கல் அங்கு வாழ்ந்தது திருமணமான பின் ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே. அவ்வூர் அவருடைய கணவரின் ஊர். நூலைப் பதிப்பித்தவர்களே இப்பெயரை நிலைபெறச் செய்தனர். அவர் காலத்து வழக்கப்படி அவர் "கிளிக்கல் பாஸ் லைப்", அதாவது லைப் என்பவரின் மகள் கிளிக்கல். ஆய்வாளர்கள் பலர் இன்று இவ்வடிவத்தையே விரும்புகின்றனர்.

வாழ்க்கை

கிளிக்கல் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோது அந்நகர யூதர்கள் வெளியேற்றப்பட்டு, டென்மார்க் அரசரின் ஆட்சியிலிருந்த அண்டை ஊரான அல்டோனாவில் குடியேறினர். வணிகத்துக்காக நகருக்குள் வர அவர்கள் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு பெற வேண்டியிருந்தது. 1657இல் சுவீடன் படைகள் அல்டோனாவைத் தாக்கியபோது மீண்டும் ஹாம்பர்க்கில் தஞ்சம் புகுந்தனர்.

பெண்கள் பொருளீட்டுவது இக்குடும்பத்தில் புதிதன்று. பாட்டி மாட்டி கொள்ளைநோயில் கணவரையும் செல்வத்தையும் இழந்தவர். அவருடைய மகளும் கிளிக்கலின் தாயுமான பெய்லா, பொன் வெள்ளி இழைகளால் சரிகைப் பின்னல் செய்து தம்மையும் தாயையும் காப்பாற்றினார்.

கிளிக்கலுக்குப் 12 வயதில் நிச்சயதார்த்தமும் இரண்டாண்டுகளில் திருமணமும் நடந்தன. கணவர் ஹாயிம் ஹாம்பர்க்கில் வீடு வீடாகச் சென்று பழைய பொன் வாங்கி விற்கத் தொடங்கினார். பின்னர் முத்து, நவமணி என வணிகம் பெருகியது. ஒப்பந்தம் எழுதுவது முதல் பங்காளிகளைத் தேர்வது வரை அனைத்திலும் கணவர் கிளிக்கலைக் கலந்தே முடிவு செய்தார். பிறந்த குழந்தைகளில் 12 பேர் வளர்ந்து பெரியவர்களாயினர். மூத்த மகள் சிப்போராவின் திருமணத்துக்கு, பின்னாளில் பிரஷ்யாவின் முதல் அரசரான பிரெடெரிக், இளவரசராக வந்திருந்தார்.

ஹாயிமின் சமயப் பற்று பற்றிக் கிளிக்கல் மிகுந்த மதிப்புடன் எழுதுகிறார். அவர் தொழுகையில் இருக்கும்போது எவ்வளவு மலிவான சரக்கு வாசலுக்கு வந்தாலும் வீட்டார் போய்ச் சொல்லத் துணிய மாட்டார்கள். இதனால் நல்ல பேரம் கைநழுவியதும் உண்டு.

1689இல் ஹாயிம் வழியில் கூரிய கல்லின் மீது விழுந்து, சில நாட்களில் இறந்தார். நூலில் மறக்க முடியாத பகுதி இதுவே. கிளிக்கல் அப்போது மாதவிலக்குத் தீட்டில் இருந்தார். சாகக் கிடந்த கணவரைத் தாங்கிப் பிடிக்க அவர் அனுமதி கேட்டார். ஹாயிமோ, சடங்கு நீராடலுக்கு இன்னும் சில நாட்களே உள்ளன என்று கூறி மறுத்துவிட்டார். அந்த நீராடலுக்கு முன்பே அவர் உயிர் பிரிந்தது. பிள்ளைகளுக்குக் காப்பாளரை நியமிக்க வேண்டுமா எனக் கேட்டவர்களிடம், தம் மனைவிக்கே எல்லாம் தெரியும் என்று அவர் விடையளித்திருந்தார்.

அச்சொல் பொய்க்கவில்லை. மணமாகாத எட்டுப் பிள்ளைகளுடன் நின்ற கிளிக்கல், ஹாம்பர்க்கில் காலுறைத் தயாரிப்பு ஒன்றை நடத்தினார். ஹாலந்திலிருந்து சரக்கு வருவித்தார். லைப்சிக், பிரவுன்ஷ்வைக் சந்தைகளுக்குத் தாமே பயணம் செய்தார். பெர்லின், மெட்ஸ், பாம்பர்க் ஆகிய நகரங்களின் குடும்பங்களோடு சம்பந்தம் செய்தார். அக்காலத்தில் ஒரு சம்பந்தம் என்பது புதிய ஊரில் ஒரு நம்பிக்கையான கடன் கணக்கும் ஆகும். மகன் லைப் பெர்லினில் நொடித்துப்போனபோது கடன்களை அடைக்கத் தாயே முன்வந்தார்.

இரண்டாம் திருமணம்

பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாது, கடனாளியாக இறந்து அவர்களுக்குத் தலைகுனிவு தேடித்தரக் கூடாது என்ற அச்சத்தால், 1700இல் கிளிக்கல் மெட்ஸ் நகரச் செல்வந்தர் ஹிர்ஷ் லெவியை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் லெவி திவாலானார். கிளிக்கலின் பணமும் போயிற்று. எதற்கு அஞ்சி மணந்தாரோ அதுவே நேர்ந்தது. திருமணம் செய்வதற்குப் பதில் புனித நாட்டுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று அவர் தம்மையே கடிந்துகொள்கிறார். 1712இல் லெவி இறந்தார். நெடுநாள் தயங்கிய பின் 1715இல் மகள் எஸ்தரின் வீட்டில் குடியேறினார். அங்கு மகளும் மருமகனும் தமக்குக் காட்டிய மரியாதையை நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

நினைவுக் குறிப்புகள்

கணவர் இறந்த துயரில் உறங்காத இரவுகளைக் கழிக்க 1691இல் எழுதத் தொடங்கிய கிளிக்கல், இடையில் பல்லாண்டுகள் நிறுத்தி, 1719இல் ஏழாம் பகுதியுடன் முடித்தார். இடையிடையே அறக்கதைகளும் இறைவனிடம் முறையீடுகளும் வருகின்றன.

முதல் பகுதியில் ஒரு பறவைக் கதை உண்டு. புயலில் தன் மூன்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கடல் கடத்தும் தந்தைப் பறவை, முதுமையில் தன்னைக் காப்பாயா எனக் கேட்கிறது. காப்பேன் என்ற முதலிரண்டு குஞ்சுகளையும் பொய்யர்கள் என்று கடலில் விட்டுவிடுகிறது. உறுதி கூற முடியாது, ஆனால் என் குஞ்சுகளுக்கு இதையே செய்வேன் என்ற மூன்றாவதைக் கரை சேர்க்கிறது. பிள்ளைகளிடம் கைம்மாறு எதிர்பாராத தாயின் கதையாக இதைக் கொள்ளலாம். எனினும் அவர்கள் செய்ததும் செய்யாததும் பின்வரும் பகுதிகளில் கணக்குத் தவறாமல் குறிக்கப்பட்டுள்ளன.

1665–66இல் சபத்தாய் ட்சுவி என்பவர் மீட்பராக அறிவிக்கப்பட்டபோது எழுந்த பரபரப்பையும் நூல் காட்டுகிறது. கிளிக்கலின் மாமனார் புனித நாட்டுப் பயணத்துக்கெனப் பட்டாணி, அவரை, உலர்ந்த இறைச்சி, துணி ஆகியவற்றைப் பீப்பாய்களில் அடைத்து ஹாம்பர்க்குக் கப்பலேற அனுப்பி வைத்தார். ட்சுவி இசுலாத்துக்கு மாறிவிட, பீப்பாய்கள் ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே கிடந்தன. 1715இல் மெட்ஸ் தொழுகைக் கூடத்தில் சவுவோத் பண்டிகையன்று ஏற்பட்ட நெரிசலில் பெண்கள் சிலர் இறந்ததும் விவரிக்கப்பட்டுள்ளது.

பதிப்புகள்

மூல ஏடு கிடைக்கவில்லை. பாயர்ஸ்டார்ஃப் ஊரில் ரபியாக இருந்த மகன் மோசே எடுத்த படியின் வழியே நூல் பிழைத்தது. டேவிட் காவுஃப்மன் 1896இல் முதன்முதலாக அச்சிட்டார். யூதப் பெண்கள் சங்கத்தை 1904இல் தோற்றுவித்த பெர்த்தா பாப்பன்ஹைம், 1910இல் முழுமையாக ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அவர் கிளிக்கலின் உறவு வழியில் வந்தவர்; கிளிக்கலைப் போல் உடை அணிந்து ஓவியம் வரையச் செய்துகொண்டவர். ஆங்கிலத்தில் 1932இலும் 1962இலும் வந்த பதிப்புகளில் சில பகுதிகள் விடப்பட்டிருந்தன. ஹவா துர்னியான்ஸ்கி 2006இல் இத்திஷ் மூலத்தை எபிரேய மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். அதன் ஆங்கில வடிவம் 2019இல் வெளிவந்தது.