பட்டியும் புரமும்

ஜெயமங்கலத்தில் ஏறித் தேனியில் இறங்கிக் கம்பம் பஸ் மாறினால், டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் பழனிசெட்டிபட்டி வந்துவிடும். முழுப்பெயர் போர்டோடு சரி. பேச்சில் அது 'பி.சி.பட்டி'. பழனி 'பி' ஆனார், செட்டி 'சி' ஆனார்; பட்டி மட்டும் முழுசாக நிற்கிறது.

செட்டி என்பதற்கு வடமொழி 'சிரேஷ்டி'யைக் காட்டி, பிராகிருதம் வழியாக வந்தது என்பார்கள். செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள் என்கிறோமே, அந்தச் 'செட்டு'தான் வேர் என்பது எதிர்க்கட்சி. எனக்கு முதல் வழிதான் பொருத்தமாகப் படுகிறது. சிலப்பதிகாரத்தில் எட்டி சாயலன் என்றொரு வணிகன் வருகிறான். 'எட்டி' அரசன் வணிகனுக்குக் கொடுத்த பட்டம். இதையும் செட்டிக்கு உறவாகவே பார்க்கத் தோன்றுகிறது. அதற்கும் முன்னால், மதுரைப் பக்கம் அழகர்மலைக் குகையில் தமிழி எழுத்தில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறார்கள்: உப்பு வணிகன் வியகன். பட்டம் கிடையாது. விற்ற சரக்குதான் அடைமொழி.

பட்டி என்றால் முதலில் ஆடுமாடு அடைக்கிற இடம். அடைத்த இடத்தில் குடிசை எழும்பி ஊரான பிறகும் சொல் மாறவில்லை. ஆண்டிக்கு ஆண்டிபட்டி, கோடாங்கிக்குக் கோடாங்கிபட்டி, செட்டிக்கும் ஒரு பட்டி. பெயரளவில் மூவருக்கும் ஒரே அந்தஸ்து. எங்கள் ஜெயமங்கலமும் பக்கத்து மேல்மங்கலமும் கொஞ்சம் உசத்தி. பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர்களைச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகள் சொல்லும் அந்த 'மங்கலம்' எங்களிடம் இருக்கிறது.

'புரம்' வேறு ரகம். யாரோ உட்கார்ந்து முடிவுசெய்து வைக்கிற பெயர். திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் 1939இல் டால்மியா குடும்பத்தாரின் சிமெண்ட் ஆலை வந்தது. ரயில் நிலையப் பலகையில் ஊர் 'டால்மியாபுரம்' ஆனது. புதிதாக உண்டான குடியிருப்புக்கு வைத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? இருந்த பெயரின் மேல் ஏறி உட்கார்ந்ததுதான் வினை. வடக்கே ஜாம்ஷெட்பூரும் 1919 வரை சாக்சிதான். டாட்டாவின் பெயர் ஊரை எடுத்துக்கொண்டது, சாக்சி அதற்குள் ஒரு பேட்டையாகச் சுருங்கியது. அங்கே நடந்தது இங்கே நடக்கவில்லை. தி.மு.க.வின் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தப் பலகை. 1953 ஜூலை 15 அன்று மு. கருணாநிதியோடு போனவர்கள் அதன் மேல் 'கல்லக்குடி' என்று தாள் ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார்கள். அன்றைய துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரு பெயருக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள், தங்கள் ஊர்ப்பெயரை ஒரு கம்பெனி மாற்றிப் பார்த்ததில்லை. இன்று அந்த நிலையத்தில் 'கல்லக்குடி பழங்காநத்தம்' என்றிருக்கிறது.

சிமெண்டுக்காகத் தோண்டிய சுண்ணாம்புக்கல்லை நிலவியலாளர்களும் ஆராய்ந்தார்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் பவளமும் பாசியும் சேர்ந்து இறுகிய பாறை அது. கல்லக்குடியின் முதலில் இருக்கும் 'கல்' இதுதானோ என்று எனக்கு ஓர் ஊகம். அவர்களோ அதற்கு 'டால்மியாபுரம் படிவம்' என்று பெயரிட்டுவிட்டார்கள். ஸ்டேஷனில் உரித்தெடுத்த பெயர் நிலவியல் நூல்களில் இன்றும் அப்படியே அச்சாகிறது.