பெட்டி ஒட்டிய வீடுகள்

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மறு ஆண்டே சிவகாசியில் தொழில் தொடங்கியது. தொழில் வளர வளர, பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கும் வந்தது. பாட்டி, மருமகள், குழந்தை எனக் குடும்பமே உட்கார்ந்து ஒட்டியது. குழந்தைகளின் கல்வியைத் தின்ற முறை அது; அதற்காக ஏங்க வேண்டியதில்லை. ஆனால், மெதுவாகக் கற்கும் ஒருவருக்கும் வீட்டார் நடுவே செய்ய ஒரு வேலை அதில் இருந்தது.

அன்றைய சட்டமோ அவரைத் தனியாக எண்ணிப் பார்க்கவில்லை. 1912-ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம் அறிவுத்திறன் குறைந்தவர்களையும் மனநோயாளிகளையும் ஒரே பட்டியலில் அடைத்தது. அறிவுத்திறன் குறைவை உண்டாக்கும் டவுன் நோய்க்குறிக்குக் காரணம் கூடுதலாக உள்ள ஒரு 21-ஆம் குரோமோசோம் என்பதே 1959-இல்தான் தெரிந்தது.

இன்று நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களில் டவுன் நோய்க்குறி உள்ளவர்கள் அறுபது வயதுவரை வாழ்கிறார்கள். பெற்றோர் காலத்துக்குப் பின் யார் துணை? 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதைக் கடந்தவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழுவிடம் மனுச் செய்யலாம்.

துணையோடு வேலையும் வேண்டும். சிவகாசியின் பட்டாசுத் தொழிலில் உள்ள மருந்து இவர்களுக்கு உகந்ததல்ல. ஆனால் அங்கே அச்சகங்கள், காலண்டர் கட்டும் கூடங்கள் எத்தனையோ உண்டு. பணியாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கத் தனியார் முதலாளிகளுக்கு ஊக்கம் தருமாறு அரசிடம் சொல்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். முதலாளிகளே, மருந்து வாடையில்லாத ஒரு மேசையை, முழுக் கூலியோடு, இவர்களுக்காக ஒதுக்குங்கள்.