உதவித்தொகையும் ‘நன்னடத்தை’யும்

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர் பக்கம் ஒரு சேரியில், கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்த தம்பி ஒருவன் எங்களிடம் கேட்டான்: “கஞ்சா கேஸ்ல ஃபைன் கட்டிட்டேன்ணா. ஸ்காலர்ஷிப் நின்னுருமா?” சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. விதிகளையும், அவை வந்த கதையையும் தேடிப் படித்தோம்.

1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் சேர்ந்த அம்பேத்கர், அதே ஆண்டு லின்லித்கோவிடம் ஒரு மனு கொடுத்தார். அலிகார் பல்கலைக்கும் பனாரஸ் பல்கலைக்கும் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் தரும் அரசு, தீண்டத்தகாதவர்களின் உயர்கல்விக்கு என்ன தருகிறது என்பதுதான் அவர் கேள்வி. 1944இல் பட்டியல் சாதியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகை அப்படித்தான் வந்தது. கேட்டு வாங்கிய பங்கு அது. யாரும் போட்ட பிச்சையல்ல.

ஆனால் விதிகளை எழுதியவர்கள் அதைப் பிச்சையாகவே பார்த்திருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு விதிகளிலும் உதவித்தொகை மாணவரின் ‘திருப்திகரமான’ படிப்பையும் நடத்தையையும் பொறுத்தது. தவறான நடத்தைக்கு அவ்விதிகள் தரும் உதாரணம் என்ன தெரியுமா? வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்வது! கல்லூரித் தலைமை அறிக்கை அனுப்பினால் போதும், பணத்தை நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். நீதிமன்றம் தேவையில்லை. கிளர்ச்சி செய்யச் சொன்ன அம்பேத்கர் வாங்கித் தந்த பணம், கிளர்ச்சி செய்தால் போய்விடும்.

அமெரிக்கா இதையே போதைப்பொருளுக்குச் செய்தது. 1998 சட்டப்படி, போதைப்பொருள் வைத்திருந்ததாக முதல்முறை தண்டனை பெற்றவருக்கு ஓராண்டு கல்வி உதவி கிடையாது. இரண்டாம் முறை இரண்டாண்டு. மூன்றாம் முறை காலவரையின்றி. கொள்ளையடித்து சிறை சென்று திரும்பியவருக்கு இந்தத் தடை இல்லை. உதவியே தேவைப்படாத பணக்காரப் பிள்ளையையும் இது தொடவில்லை. 2006இல் கொஞ்சம் தளர்த்தி, 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால்தான் நீக்கினார்கள்.

நம் மதுரைச் சமவெளிக்கும் ஒரு பழைய கதை உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பிறமலைக் கள்ளர்களைக் கைரேகை வைக்கச் சொன்ன அரசு, எதிர்த்தவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றது. அதே அரசு அவர்களுக்குப் பள்ளிகளும் திறந்தது. அடக்கிவைப்பதுதான் நோக்கம், புகழ ஒன்றுமில்லை. ஆனாலும் முழுச் சமூகத்தையே குற்றவாளி என்று எழுதிவைத்த ஆட்சிகூட, குற்றத்தைக் காட்டிப் பள்ளிக் கதவைச் சாத்தவில்லை. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா புகைத்ததற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படிப்பை நிறுத்து என்று அதில் எங்கும் இல்லை. அடிமையானவர் தானே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்தே விலக்குப் பெற வழியும் இருக்கிறது.

தம்பியிடம் சொன்னோம்: “போதை வழக்குன்னு ஸ்காலர்ஷிப் விதியில ஒரு வார்த்தை இல்ல. ஆனா ‘நடத்தை’ன்னு இருக்கு. யாராவது வாயால நிறுத்துறேன்னா, எழுத்துல உத்தரவு கேளு.”

அவன் சிரித்தான். “எழுத்துல கேட்டா, அதையே நடத்தை சரியில்லன்னு எழுதிருவாங்கண்ணா.”